ஓவர் கொடுத்துவிட்டுப் போவது

கலைவாணி என் வார்டில் ஆறு வருடம் வேலை பார்த்த பெண். இப்போது நர்சாக வெளிநாடு போவதற்கு ஆங்கிலப் பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மேடம், ஹேண்ட் ஓவர்னு ஒரு வார்த்தை வருது. அர்த்தம் என்னா, எப்படியெல்லாம் யூஸ் பண்ணலாம், ரெண்டு எக்சாம்பிள் குடுங்க மேடம். ஸ்டெல்லா மேடம், அந்த வார்த்தைய உங்களத்தான் கேக்கணும்னு சாந்தி அக்கா சொன்னாங்க."

சாந்தி சொல்லத்தான் செய்வாள். இருபத்தாறு வருடம் என்னோடு வேலை பார்த்தவள், ஓய்வுபெற்று அண்ணாகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு என் மானத்தை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த மெசேஜ் வந்தபோது நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் இருந்தேன். உள்ளே என் கணவர் படுத்திருந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கலைவாணி தன் புத்தகப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். கையில் இருப்பதை இன்னொருவரிடம் ஒப்படைப்பது என்று அர்த்தம் போட்டு, கீழே உதாரணங்கள் கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு இருந்தவர் சாவியை ஒப்படைத்தார். திருடன் நகையைப் போலீசில் ஒப்படைத்தான். பழைய மேனேஜர் புது மேனேஜரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். எல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சைக்கு இது போதும், பாஸாகிவிடுவாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தைக்கு வேறு புழக்கம். யாராவது இறந்துபோனால் சொந்தக்காரர்களிடம் பாடியை ஹேண்ட் ஓவர் பண்ணுவோம். அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் முடிந்தது. உயிரோடு இருப்பவர்களையும் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஹேண்ட் ஓவர் பண்ணுவோம், ஷிஃப்ட் மாறும்போதெல்லாம். அதற்கு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. வார்த்தையில் பாதியை வெட்டிவிட்டு, ஓவர் கொடுப்பது, ஓவர் எடுப்பது என்போம். கேட்டில் காத்திருக்கும் ஆட்டோக்காரருக்குக்கூட அது தெரியும். "ஓவர் குடுத்தாச்சா சிஸ்டர், வண்டிய எடுக்கட்டா" என்பார்.

படிப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. மூன்று வருடம் படித்தேன், பெட்ஷீட்டை மடிப்பில்லாமல் விரிக்கவும் வார்டன் கண்ணில் படாமல் முறுக்கு தின்னவும் கற்றுக்கொண்டேன். பிறகு எங்கள் ஊரான சிதம்பரத்திலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஒரு வருடம். அங்கே எட்டே படுக்கைகள். ஓவர் என்றால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "எல்லாம் நார்மல், மூணாம் பெட்டுக்கு ட்ரிப் முடியப்போவுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. அதற்குப் பிறகுதான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே ஆண்கள் வார்டின் இன்சார்ஜ் கமலவேணி சிஸ்டர்.

சிஸ்டருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். சாப்பிட்டதும் இரண்டு சோம்பு வாயில் போட்டுக்கொண்டு, சரியாக ஒன்றரை மணிக்கு முதல் பெட்டின் கால்மாட்டில் வந்து நிற்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்வரை நாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டோம்.

அவர் வார்டில் ஓவர் கொடுக்க ஒரு முறை உண்டு. வேலை முடிந்து போகிறவள் நோயாளியின் தலைமாட்டில் இடது பக்கம் நிற்க வேண்டும், வருகிறவள் வலது பக்கம். கையில் நோட்டு இருக்கக் கூடாது. நோட்டு மேஜையில் இருக்கும், அதை யார் வேண்டுமானாலும் பிறகு படிக்கலாம். முதலில் பெயர், அடுத்து ஊர், அடுத்து பக்கத்தில் இருப்பது யார். அதற்குப் பிறகுதான் நோய். பிறகு என்ன கொடுத்தோம், என்ன பாக்கி. எல்லாம் சொல்லி முடித்ததும் சிஸ்டர் கேட்பார்:

"நோட்டுல எழுதாதது ஒண்ணு சொல்லு."

ஒவ்வொரு பெட்டுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லவே கூடாது. ஆறாம் பெட்காரர் கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார், புரண்டால் உடைந்துவிடும். பதினொன்றாம் பெட்காரர் காலையிலிருந்து சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறார், மகன் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான். இந்த மாதிரி. ஆரம்பத்தில் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. முப்பது பெட்டுக்கு முப்பது சமாச்சாரம் எங்கே போய்த் தேடுவது என்று சாந்தியிடம் புலம்பியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டுமே என்பதற்காகவே காலையிலிருந்து ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்க்க ஆரம்பித்தேன்.

வருகிறவள் உடனே தலையாட்டிவிட முடியாது. ட்ரிப்பின் சொட்டை எண்ண வேண்டும், குழாய் இருந்தால் தொட்டுப் பார்க்க வேண்டும், நோயாளியின் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். அப்புறம் வாய்விட்டு, "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை போகிறவள் தன் கைப்பையைத் தொடக் கூடாது. ஒருநாள் சாந்தி பராக்குப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கிட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"எத்தினி சொட்டு?" என்றார் சிஸ்டர்.

சாந்தி அவசரமாகச் சொட்டை எண்ண ஆரம்பித்தாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். முதல் பெட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அன்று நான் ஹாஸ்டல் போய்ச் சேரும்போது சோறு தீர்ந்துவிட்டது. ஒரு வாரம் சாந்தியிடம் நான் பேசவில்லை.

இனி ஒரு முந்திரிக் காலத்து நாளுக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருக்கிறார், பெயர் அருளப்பன் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் நர்ஸ் வேலை என்றதும் கைகழுவிவிட்டுப் போயிருந்தார்கள். "இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்து சேரு, புண்ணியமாப் போவும்" என்று அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் வீட்டுக்குப் போய் முகம் கழுவிப் புடவை மாற்ற முடியும்.

ஒன்பதாம் பெட்டில் காலை பத்தரை மணிக்கு ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். பெயர் ராஜவேலு, ஊர் காடாம்புலியூர். முந்திரித் தோப்பில் சருகுக்குள் நின்று கொட்டை பொறுக்கும்போது கணுக்காலில் ஏதோ கடித்திருக்கிறது. பாம்பை யாரும் பார்க்கவில்லை. வீக்கம் அதிகமில்லை. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் வைத்துப் பார்த்தோம், ஒழுங்காக உறைந்தது. "விஷம் ஏறாமகூட இருக்கலாம். ஆனா கண்ண எடுக்காதீங்க, இமை தொங்குதா, பேச்சு குழறுதா பாத்துக்கிட்டே இருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போனார். பன்னிரண்டரை வரைக்கும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்றே காலுக்கு அவருடைய மனைவி அஞ்சலை என்னிடம் வந்தார். நான் ஊசித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"யம்மா, கஞ்சி குடுத்தேன். உள்ள எறங்க மாட்டேங்குது. கடைவாயில வழியுது."

நான் திரும்பி ஒன்பதாம் பெட்டைப் பார்த்தேன். பத்தடி தூரத்திலிருந்துதான். கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"காலையிலேருந்து பதறிப்போயிருக்காரும்மா, அதான். தூங்கட்டும். கஞ்சி இப்ப வேணாம்" என்றேன். அஞ்சலை சரியென்று போய்விட்டார். நான் தட்டை அடுக்கி முடித்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று கமலவேணி சிஸ்டர் வார்டில் இல்லை, மேலே மீட்டிங். சாந்தி மதிய ஷிஃப்டுக்கு வந்தாள். நான் மேஜையிலேயே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முப்பது பெட்டையும் பத்து நிமிடத்தில் ஒப்பித்தேன். ஒன்பதாம் பெட்டுக்கு, "பாம்புக்கடி, பிபி நார்மல், அப்சர்வேஷன்" என்றேன்.

"வா, பெட்டுக்குப் போவலாம்" என்றாள் சாந்தி.

"பஸ்சு போயிடும் சாந்தி. எல்லாம் எழுதியிருக்கேன்."

"சரி, போ. மாப்ளைய நல்லா பாத்துட்டு வா."

யூனிஃபார்மை மாற்றிக் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. பஸ் கடலூரைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று யோசித்தால், சாந்தி சரி போ என்றாளே தவிர, எடுத்துக்கிட்டேன் என்று சொல்லவே இல்லை.

மனசு கேட்காமல் நானாக முதல் பெட்டிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். பெயர், ஊர், பக்கத்தில் யார், எழுதாதது ஒன்று. எட்டு பெட் தாண்டிவிட்டேன். ஒன்பதாம் பெட், ராஜவேலு, காடாம்புலியூர், பக்கத்தில் மனைவி. எழுதாதது என்ன என்று கேட்டுக்கொண்டபோது அந்தக் கஞ்சி ஞாபகம் வந்தது. கஞ்சி உள்ளே இறங்கவில்லை. அவர் தூங்கவில்லை, இமையைத் தூக்க முடியாமல் கிடந்திருக்கிறார். விஷம் தொண்டைக்கு வந்துவிட்டது, அடுத்தது மூச்சு. எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன்.

பாதி வழியில், ஆலப்பாக்கத்தில் இறங்கினேன். ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள். "சாந்தி சிஸ்டர் ஒம்பதாம் பெட்டுல இருக்காங்க, இப்ப கூப்ட முடியாதுக்கா" என்றாள். போனை வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் போய்க் கடலூர் பஸ்ஸுக்கு நின்றேன். சிதம்பரம் பஸ் இரண்டு என் கண் முன்னாலேயே போயின. அவற்றில் ஏறினால்கூட நாலு மணிக்குள் வீடு சேர்ந்திருக்கலாம்.

நான் வார்டுக்குள் நுழையும்போது ராஜவேலுவின் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்போது எங்களிடம் மூச்சு மெஷின் கிடையாது. சாந்தி கட்டிலை ஒட்டி நின்று ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் அவள் முதுகு நனைந்திருந்தது. நான் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஓவர் சரியாக வரவில்லை என்று சாந்திக்குத் தெரியும். நான் போனதும் அவள் பெட் பெட்டாகப் போய், பக்கத்தில் இருப்பவர்களிடம், நீங்க சொல்லுங்க என்று கேட்டு ஓவர் எடுத்திருக்கிறாள். மகன், மனைவி, அண்ணன் என்று யார் இருந்தாலும் அவர்களிடம். ஒன்பதாம் பெட்டில் அஞ்சலை, "அந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேனே, கஞ்சி எறங்கலன்னு" என்றிருக்கிறார். சாந்தி இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவர் வந்து குழாய் போட்டபோது மூச்சு நிற்கும் நிலைமைக்கு வந்துவிட்டதாம்.

டாக்டர், சாந்தி, நான் என்று மாற்றி மாற்றிப் பையை அமுக்கினோம். நடுவில் கமலவேணி சிஸ்டர் வந்து கால்மாட்டில் நின்றார். என்னைப் பார்த்தார், ஊருக்குப் போவதற்காக நான் கட்டியிருந்த புடவையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வந்தது. எட்டு பெட்டை சாந்தி ஓவர் கொடுத்தாள். ஒன்பதாம் பெட் வந்ததும் சிஸ்டர், "இத ஸ்டெல்லா குடுக்கட்டும்" என்றார்.

தலைமாட்டில் இடது பக்கம் போய் நின்றேன். எதிரே அஞ்சலை புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், ஊர், பக்கத்தில் யார், நோய், கொடுத்தது, பாக்கி, எல்லாம் சொன்னேன்.

"நோட்டுல எழுதாதது ஒண்ணு சொல்லு" என்றார் சிஸ்டர்.

"மதியம் ஒண்ணேகாலுக்கு, கஞ்சி எறங்கலன்னு இவுங்க எங்கிட்ட சொன்னாங்க. நான் கேட்டுக்கல. ஓவர்லயும் சொல்லல."

அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப எம்மேல தப்பில்லையாம்மா? நான்தான் வெளங்குற மாதிரி சொல்லத் தெரியாம சொல்லிட்டேனோன்னு இவ்ளோ நேரமா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிஸ்டர் நான் அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு புதிதாக வந்தவளைப் பார்த்து, "எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிட்டேன் சிஸ்டர்" என்றாள். அடுத்த பெட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை.

ராஜவேலு மறுநாள் மதியம் தானாக மூச்சுவிட்டார், நான்காம் நாள் கஞ்சி குடித்தார். பலாப்பழ சீசனில் அஞ்சலை ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சாந்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கொடுக்கவில்லை, அதுதான் நியாயம். சாந்தி பாதியை எனக்கு அறுத்துக் கொடுத்தாள், அதையும் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஆறு மணிவரை காத்திருந்து, போண்டாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அம்மா எனக்குப் போட்ட அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தேன். கேட் பக்கத்தில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிதம்பரத்திலிருந்து மிதித்தே வந்திருக்கிறார்.

"நான் அருளப்பன். பொண்ணு பாதி வழியில பஸ்ச வுட்டு எறங்கிப் போயிடுச்சின்னு சொன்னாங்க. ஏன்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

நான் செய்த தப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற இடத்திலேயே கேட்டார். கடைசியில், "இப்ப அந்த ஆளு கஞ்சி குடிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு. சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் நர்சாக இருந்தவள் என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று முடிவு செய்திருந்தேன். ஓய்வுபெற்ற நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து நொய்நொய் என்றால் எப்படி எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியாதா? இப்போது எல்லாம் கையகலக் கம்ப்யூட்டரில்தான். இரண்டு பெண்கள் வாசலில் நின்று திரையைப் பார்த்துப் பார்த்து ஓவர் கொடுத்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன். எங்கள் கிறுக்கல் எழுத்தைவிட அது எவ்வளவோ தெளிவு.

மூன்றாம் நாள் காலையில் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு ஓரமாக வழிந்தது, விழுங்கியதும் லேசாக இருமினார். இரண்டாவது ஸ்பூனுக்கும் அப்படியே. நான் பயப்படுவேன் என்று இருமலை அடக்கிக்கொண்டார். தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறதோ என்று எனக்குப் பயம். காலை நர்ஸிடம் சொன்னேன், "சொல்லிடறேன்மா" என்றாள். நல்ல பெண்தான், ஆனால் அவளுக்கு அன்று இருபது வேலை. இரண்டு மணிக்கு வாசலில் ஓவர் நடந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பிபி சொன்னாள், சுகர் சொன்னாள், ஸ்கேன் சொன்னாள். தண்ணீரைப் பற்றி வரவில்லை. எனக்குத்தான் விளங்குகிற மாதிரி சொல்லத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். உடனே அஞ்சலையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

எழுந்து போய் அவருடைய தலைமாட்டில் இடது பக்கம் நின்றேன்.

"கொஞ்சம் இங்க வாம்மா" என்று புது ஷிஃப்ட் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்து எதிர்ப்பக்கம் நின்றாள்.

"பேரு அருளப்பன். ஊரு சிதம்பரம். பக்கத்துல இருக்கறது நான், அவரு வூட்டுக்காரி. பக்கவாதம், இன்னிக்கு மூணாம் நாளு. அதுல எழுதாதது ஒண்ணு இருக்கு. காலையிலேருந்து தண்ணி குடுத்தா வழியுது, முழுங்கனா இருமறாரு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு அடக்கிக்கிறாரு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குனிந்து, அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஸ்பூனை எடுத்து அப்பால் வைத்தாள்.

"வாய் வழியா இனிமே எதுவும் குடுக்காதீங்கம்மா. டாக்டர இப்பவே கூப்டறேன். நல்லவேளை சொன்னீங்க."

"எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. கையை அவருடைய பாதத்தின் மேல் வைத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டேன்மா. நீங்க வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு, ரெண்டு வாய் சாப்ட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்."

மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த என் கைப்பையை அப்போதுதான் தொட்டேன்.